பெண் வீட்டுச் சாய்வு நாற்காலியில் ஒரு நித்திரை

நான் கண் விழித்தபோது எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிரே ஒரு தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், பூ. தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யார் வீடு என்று சட்டென்று பிடிபடவில்லை. முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனை எட்டுப் பேர் பேசாமல் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாட்சி ஏதோ சொல்லிவிட்டார், நான் கவனிக்கவில்லை, நீதிபதி காத்திருக்கிறார்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரே இருந்தவரைப் பார்த்து, "சாக்சி, தோலோங் உலாங்" என்றேன். சாட்சி தயவுசெய்து திரும்பச் சொல்லவும் என்று மலாயில் அதற்குப் பொருள்.

அவர் சாட்சி அல்ல. என் மகன் தினேஷ் மணக்க விரும்பிய பெண்ணின் அப்பா, திரு. சிவஞானம். நாங்கள் சம்பந்தம் பேச வந்திருந்தோம். அவர் தம் குடும்ப வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதன் நடுவில் தூங்கிவிட்டேன். தூங்கியதோடு நிற்காமல் குறட்டையும் விட்டேன் என்று பிறகு காரில் தெரிந்துகொண்டேன்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மற்றவர்களின் வழக்குகளைச் சொல்லிவந்தேன். இந்த வாரம் கூண்டில் நானே ஏறி நிற்கிறேன்.

ரயிலும் லோரியும்

என் வீடு கிள்ளானில் இருக்கிறது. பின்சுவரை அடுத்து துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை. முன்னால் கண்டேனர் லோரிகள் போகும் சாலை. சரக்கு ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இதற்கு நடுவில் நான் பத்து மணிக்குப் படுத்தால் காலை ஆறுக்குத்தான் எழுவேன்.

என்னை ஓர் அமைதியான இடத்தில், நல்ல படுக்கையில், அன்பானவர்கள் வீட்டில் படுக்கவைத்தால் கதை முடிந்தது. விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்பாங்கில் என் தங்கை வீட்டு விருந்தினர் அறைக் கூரையில் எந்த மூலையில் சாயம் உரிந்திருக்கிறது என்பது தங்கைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒருமுறை கிளினிக்கில் இதைச் சொன்னேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். "வீட்டுல எப்படி அங்கிள்?" என்றார்.

"வீட்டுல நல்லா தூங்குறேன் டாக்டர்."

"அப்ப வீட்டுலயே தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தினேஷ் இந்தக் காலத்துப் பிள்ளை. தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் ஒன்றை என் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தான். அதற்குப் பிறகு, தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்த விஷயமாக மட்டும் இல்லாமல், காலையில் படம் போட்டு நிரூபிக்கப்பட்ட விஷயமாகவும் ஆனது.

காஜாங்கில் கழுவிய கார்

கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். காஜாங். என் மனைவி சரோஜாவின் அப்பா கண்டிப்பான மனிதர். முதல் இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, விடிவதற்கு முன் பொறுக்க முடியாமல் வெளியே வந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலில் வாளி இருந்தது. அவருடைய கார் நின்றது. கழுவினேன்.

மாமனார் எழுந்து வந்து பார்த்தார். காரை ஒருமுறை சுற்றிவந்துவிட்டு உள்ளே போனார். அன்று மதியத்துக்குள் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் தகவல் போய்விட்டது: அதிகாலையில் எழுகிற, பொறுப்பான மாப்பிள்ளை கிடைத்திருக்கிறான்.

அடுத்த இரண்டு நாளும் கழுவினேன். வேறு வழி இல்லை. அதற்குப் பிறகு எந்தத் தீபாவளிக்குப் போனாலும் வாளியும் துணியும் எனக்காகத் தயாராக வாசலில் இருக்கும். அவர் மூன்று கார் மாற்றினார். கழுவுகிறவனை மாற்றவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் நீதிமன்றத்திலிருந்து எங்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியதும் நினைவுக்கு வருகிறது. மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்பது பயிற்சியின் தலைப்பு. வீட்டுத் தலையணையைக் கொண்டுபோனால் தூக்கம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். வரவில்லை. திரும்பும்போது வாசலில் காவலாளி நிறுத்தி, நான் ஹோட்டல் தலையணையை எடுத்துப் போவதாகச் சொன்னார். மேனேஜர் வந்தார். பூப்போட்ட உறையையும், ஓரத்தில் பிதுங்கிய பஞ்சையும், என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

பாலா மச்சானின் மெத்தை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தினேஷும் ஷாமினியும் நான்கு வருடமாக விரும்பினார்கள். ஷாமினியின் குடும்பம் பிரிக்பீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். எங்களுடையது ரயில் பாதை போடக் கூலியாக வந்த குடும்பம். சிவஞானம் முதலில் மறுத்தார். பிறகு பதில் சொல்லாமல் இருந்தார். இரண்டு வருடம் கழித்து, "வந்து கதைக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். அன்று கோலாலம்பூரில் ஏதோ ஓட்டப் பந்தயம், பாதிச் சாலையை மூடுகிறார்கள் என்று செய்தி வந்தது.

"கிள்ளான்லேருந்து கிளம்பி ஜேம்ல மாட்டினா என்னா பண்றது? அவங்க கடிகாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க" என்றாள் சரோஜா. "சனிக்கிழமையே அண்ணன் வீட்டுக்குப் போயிடுவோம்."

அவள் அண்ணன் பாலா பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறார். எனக்குப் பகீரென்றது. ஆனால் மகன் கல்யாணத்தைவிட என் தூக்கம் முக்கியமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பாலா மச்சான் தம் சொந்தப் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு சோபாவுக்குப் போனார். புது விரிப்பு, பாக்கெட் மடிப்பு இன்னும் கலையவில்லை. போவதற்கு முன் மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

"மாப்ள, இது சாதாரண மெத்தை இல்ல லா. முதுகெலும்புக்குன்னே செஞ்சது. படுத்தா உங்க உடம்பு அளவுக்கு அதுவே குழிஞ்சு கொடுக்கும். இந்த பில்டிங்ல பதினோரு வீட்டுக்கு நான் சொல்லி வாங்க வச்சிருக்கேன்."

உண்மையில் குழிந்தது. நான்கு பக்கமும் மெத்தை எழுந்து நிற்க, என்னை அடக்கம் செய்ததுபோல் கிடந்தேன். ஜன்னலை மூடியிருந்ததால் ஊர் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. விடிந்தது.

"எப்படி மாப்ள?"

"பிரமாதம் மச்சான்."

கையில் இருந்த கடிகாரம் நாற்பது நிமிடம் என்று காட்டியது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

கப்பலில் வந்தவர்

சிவஞானத்தின் வீடு பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கும் பழைய தனி வீடு. எங்களை மரியாதையாக வரவேற்றார்கள். கூடத்தில் ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி இருந்தது.

"நீங்கள் இதில இருங்கோ" என்றார் சிவஞானம். "எங்கட அப்பப்பாட கதிரை. ஆரையும் இருக்க விடுறதில்லை."

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உடம்பு தானாகப் பின்னால் போனது. அவர் பேசத் தொடங்கினார். தினேஷ் என்ன வேலை செய்கிறான், எப்போது கல்யாணம் என்றெல்லாம் தொடங்கவில்லை. அந்த அப்பப்பா, அதாவது அவருடைய தாத்தா, கப்பல் ஏறுவதிலிருந்து தொடங்கினார்.

நான் கவனமாகத்தான் கேட்டேன். அவருடைய தாத்தா பிற்பாடு ஸ்டேஷன் மாஸ்டரானவர் என்று தினேஷ் சொல்லியிருந்தான். அதே காலத்தில் என் தாத்தா அதே பாதைக்குச் சல்லி கொட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கலாம். பேசியிருக்க மாட்டார்கள். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு ரயில் போனது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் எனக்குக் கடைசியாக நினைவிருக்கிறது.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் சாட்சியைத் திரும்பச் சொல்லச் சொன்னதும் சிவஞானம் எழுந்தார். "பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஷாமினியின் அம்மா புவனம் மட்டும், "கோப்பி குடியுங்கோ, நித்திரைக் கலக்கம் போகும்" என்று கோப்பையை நீட்டினார். கேலியா அக்கறையா என்று இன்றுவரை தெரியாது.

காரில் ஏறியதும், நான் குறட்டை விட்டதைச் சரோஜா சொன்னாள். கூட்டரசு நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்த பிறகு தினேஷ், "ரெண்டு வருஷம்ப்பா" என்றான்.

மூன்றாவது காரணம்

மறுநாள் செய்தி வந்தது. தோட்டத்து ஆக்களுக்குக் குடும்பப் பெருமை கேட்கப் பொறுமை இல்லை என்று சிவஞானம் சொன்னாராம். கூலியாக வந்தவர்கள் எல்லோரும் அவருக்குத் தோட்டத்து ஆக்கள்தான். ஷாமினி அதை மென்மையாக்கித் தினேஷிடம் சொன்னாள். தினேஷ் இன்னும் மென்மையாக்கி எங்களிடம் சொன்னான். சரோஜா அவனைக் குறுக்கு விசாரணை செய்து அசல் வாசகத்தை வெளியே எடுத்துவிட்டாள். அவள் வக்கீலாகியிருக்க வேண்டியவள்.

அதுவரை என்மேல் கோபமாக இருந்தவள் ஒரு நிமிடத்தில் என் பக்கம் வந்துவிட்டாள். "ஸ்டேஷன் மாஸ்டர் பேரன்னா பெரிய கொம்பா? தண்டவாளம் போடலன்னா அவங்க தாத்தா எதுக்குக் கொடி காட்டியிருப்பாரு?"

இந்த வாசகமும் பிள்ளைகள் வழியாக மென்மையாகி அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கேயும் விசாரித்து அசலை எடுத்திருப்பார்கள்.

நான் சொன்னேன், "உண்மையச் சொல்லிடுவோம். வெளியில படுத்தா எனக்குத் தூக்கம் வராது. பாலா மச்சான் வீட்டுல ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். அதான் அசந்துட்டேன்."

கூடத்தில் இருந்த பாலா மச்சானின் முகம் மாறியது. சமாதானம் பேச அவரைத்தான் வரவழைத்திருந்தோம்.

"என் மெத்தையில தூங்கலியா?"

"மச்சான், மெத்தைக்கு ஒண்ணுமில்ல..."

"பிரமாதம்னு சொன்னீங்களே மாப்ள."

சம்பந்தி வீட்டில் நடந்தது ஓர் அவமானம் என்றால், இது அதைவிடப் பெரியதாகத் தெரிந்தது. பதினோரு வீட்டுக்கு வாங்க வைத்தவர். "வெளிய இத சொன்னா எனக்கு என்ன மரியாத இருக்கு?" என்று தன் தங்கை சரோஜாவைக் கேட்டார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக, தோட்டத்துத் திமிர் என்பதும் காரணமாக இருக்கக்கூடாது. மெத்தை என்பதும் காரணமாக இருக்கக்கூடாது. மூன்றாவது காரணம் ஒன்று தேவைப்பட்டது. அண்ணனும் தங்கையும் சமையலறையில் கலந்து பேசி, எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பதாகவும், அந்த மாத்திரை கண்ணைச் சொருகவைக்கிறது என்றும் முடிவு செய்தார்கள். சரோஜா அப்போதே புவனத்துக்குப் போன் செய்து சொன்னாள். எனக்கு இனிப்பு நீர் கிடையாது. அன்று மாலையிலிருந்து வீட்டில் எனக்குச் சர்க்கரை போடாத தேநீர் வரத் தொடங்கியது. பொய் என்றாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது சரோஜாவின் கொள்கை.

இரண்டு நாளில் ஷாமினியின் அத்தை கேட்டனுப்பினார்: இது பரம்பரையா? மாப்பிள்ளைக்குச் சோதித்துப் பார்த்தாயிற்றா? முடிவைக் காட்ட முடியுமா?

தினேஷ் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் ரத்தத்த கேக்குறாங்கப்பா. நான் என்ன பண்ணேன்?" என்றான். இருபத்தொன்பது வயதுப் பையன். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

விட்ட இடம்

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் கொமுட்டர் ரயிலில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். மதியம் மூன்று மணி வெயில். சிவஞானம் கதவைத் திறந்தார். இம்முறை சாய்வு நாற்காலியைக் காட்டவில்லை. முதுகு நேராக நிற்கும் மர நாற்காலி ஒன்றைக் காட்டினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். இனிப்பு நீர் பொய் என்றேன். மெத்தை, மச்சான், பதினெட்டாவது மாடி, எதையும் விடவில்லை.

"வேற வீட்டில நித்திரை வராதோ?" என்றார். "இந்த வயசிலயோ?"

"சின்ன வயசுலேருந்தே வராதுங்க."

"சொல்ல வெக்கமா இல்லையோ?"

"வெக்கம்தான். அதனாலதான் இவ்வளவு பொய் ஆச்சு."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்னது ஒண்டும் உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

"கேட்டுச்சுங்க."

மொழிபெயர்ப்பாளனின் தொழில் என்பது, ஒருவர் நிறுத்தாமல் பேசிமுடிக்கும்வரை மனதில் பிடித்து வைத்து, கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்வது. கண் மூடும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சொல்ல ஆரம்பித்தேன்.

அவருடைய அப்பப்பா கதிரவேலு, கரவெட்டியிலிருந்து கிளம்பும்போது வயது பத்தொன்பது. கையில் தகரப் பெட்டி, குடை, ஓலைப் பெட்டியில் பனங்கட்டி. பனங்கட்டியில் பாதியைக் கப்பலில் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். குடை காற்றில் கடலுக்குள் போனது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியபோது மழை. அழைத்துப்போக வருவதாகச் சொன்ன உறவுக்காரர் வரவில்லை. மறுநாள்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு வழி கேட்டு வந்தார். ஓர் அறையில் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. வேலை கேட்டுப் போகிறவர் அதைப் போட்டுக்கொள்வார். இவர் நெட்டை, கோட்டின் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

"அந்தக் கோட்டோட தொரையோட ஆபீஸ் கதவத் தட்டினாருன்னு சொன்னீங்க. அங்கதான் தூங்கிட்டேன்" என்றேன். "உள்ள போனவருக்கு என்ன ஆச்சு?"

உள்கதவருகே புவனம் வந்து நின்றார். "இந்தக் கதையை முப்பது வருசமாக் கேக்கிறன். அந்தக் குடை எனக்கே மறந்து போச்சு" என்றார்.

"துரை கோட்டைப் பாத்தவர்" என்று மெதுவாகத் தொடங்கினார் சிவஞானம். "அதை அவர் அதுக்கு முன்னமே மூண்டு தரம் பாத்திட்டார். மூண்டு பேர் போட்டுக்கொண்டு போயிருக்கினம். இந்தக் கோட்டுக்கு நான் ஏற்கெனவே வேலை குடுத்திட்டன் எண்டவராம். அப்பப்பா சொன்னவர், கோட்டுக்குக் குடுத்தீங்கள் சேர், இனி ஆளுக்குக் குடுங்கோ எண்டு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் பேசினார். மூன்று கோப்பை கோப்பி குடித்தேன். ஒரு சொல்கூட விடவில்லை. என் தாத்தாவைப் பற்றி அவர் கேட்டபோது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அதுவும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்தபோது தேதி குறிக்கச் சொன்னார். கல்யாணம் அந்த வருடமே நடந்தது. மெத்தைக்கு வந்த களங்கத்தையும் நான் துடைத்தேன். பாலா மச்சானிடம், உங்கள் மெத்தையில் வந்த தூக்கம் மறுநாள் பத்து மணிவரை என்னை விடவில்லை, அதனால்தான் பெண் வீட்டில் அப்படி ஆகிவிட்டது என்றேன். அதை அவர் கல்யாணப் பந்தியில் வரிசையாக எல்லோரிடமும் சொன்னார். அங்கேயே இன்னும் இரண்டு வீட்டுக்கு வாங்க வைத்தார்.

வாசலில் கேட்டது

நான் தனியாகப் போன அன்று விடைபெறும்போது சிவஞானம் வாசல்வரை வந்தார். கேட்டைத் திறக்காமல் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஷாமினி ஒரு நாளும் வெளியில தங்கினதில்லை" என்றார். "யூனிவர்சிட்டிக்கும் இங்கயிருந்துதான் போய் வந்தவள். இப்ப ரெண்டு பேரும் பெட்டாலிங் ஜெயாவில வீடு பாக்கினமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த விசயம் உங்களுக்குத்தான் தெரியும். அவளுக்கு நித்திரை வருமோ?"

"ஒடனே வராதுங்க" என்றேன்.

"எவ்வளவு நாள் எடுக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் எங்கேயும் மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை. எப்போதும் என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பது என்று ரயில் ஏறும்வரை யோசிக்கவில்லை. கிள்ளான் வருவதற்குள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்துவிட்டது.

சரோஜா சமையலறை மேசையில் நெத்திலியைக் கொட்டி, தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் நடந்ததைச் சொன்னேன். கிள்ளுவதை நிறுத்தாமல் கேட்டாள். தேதி குறிக்கச் சொன்னார்கள் என்றதும் மட்டும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கேட்டேன்.

"நீ காஜாங்லேருந்து இங்க வந்த புதுசுல ஒனக்குத் தூக்கம் வந்துச்சா?"

"என்னா திடீர்னு?"

"சும்மா சொல்லு."

"எங்க வந்துச்சு? ரயிலு போறப்பல்லாம் ஒக்காந்துக்குவேன். வீடு இடிஞ்சு விழுதுன்னு நெனைப்பேன். எட்டு ஒம்பது மாசம் இருக்கும். தினேஷ் வயித்துல வந்த பொறவுதான் அசதியில கண்ண மூடினேன்."

"ஒரு வார்த்த சொல்லலியே."

"யாருகிட்ட சொல்றது? நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அடுத்த நெத்திலியை எடுத்தாள். நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளினேன்.

"கொடலு அதுலயே இருக்கு பாருங்க" என்றாள். "அதையும் சேத்து எடுக்கணும்."